வேலிக்குக் கேட்ட கண்

போட்டோசெல்லின் மூடியைக் கழற்றிப் பார்த்தவர்களுக்கு ஒன்று தெரியும். இருட்டினதும் அது விளக்கைப் போடுகிறது என்று எல்லோரும் சொல்கிறோம். உண்மையில் விளக்கை எரியவிட்டபடி இருப்பதுதான் அதன் இயல்பு; பகல் வந்து அதைத் தடுத்து வைத்திருக்கிறது. வீதி விளக்குகளில் பூட்டுகிற பழைய வகையில் நெளிநெளியாகக் கோடு போட்ட சிறு வில்லை ஒன்று இருக்கும். காட்மியம் சல்ஃபைட் பூசியது. வெளிச்சம் பட்டால் அதன் தடை குறையும், அதன் வழியே ஓடுகிற சிறிய மின்னோட்டம் ஒரு சூடாக்கியைச் சுடவைக்கும், அந்தச் சூட்டில் ஈருலோகத் தகடு வளைந்து தொடுகையைப் பிரிக்கும், விளக்கு அணையும். பொழுதுபட்டால் ஓட்டம் ஓய்ந்து, தகடு ஆறி, தொடுகை தன்பாட்டில் சேர்ந்துவிடும். நடுப்பகலில் கரண்ட் போய்வரும் நேரம் கம்பத்தை அண்ணாந்து பாருங்கள். விளக்கு சற்று நேரம் எரிந்துவிட்டுத்தான் அணையும். தகடு சூடேறும்வரை அதற்குப் பகல் என்பது தெரியாது.

வெளிச்சம் பட்டால் சில பொருள்களின் தடை குறையும் என்பது தற்செயலாகத் தெரியவந்த விஷயம். கடலடித் தந்திக் கம்பிகளைச் சோதிக்கச் செலினியக் கோல்களைப் பாவித்தார்கள். அவற்றின் தடை ஒரு நிலையில் நிற்காமல் வெளிச்சத்துக்கேற்ப மாறுவதைக் கண்டு, 1873 இல் வில்லபி ஸ்மித் என்ற பொறியியலாளர் அதை வெளியிட்டார். இன்று வெல்லாவெளிச் சந்தியில் பொழுதுபட்டதும் விளக்கு எரிவதற்கு அந்தக் கடல் கம்பியும் ஒரு காரணம்.

நான் வெல்லாவெளிப் பக்கத்தில் வயரிங் வேலை செய்தே முதியவனானவன். இரவில் சாத்திர நூல் வாசிக்கும் பழக்கம் அப்பாவிடமிருந்து வந்தது. இரண்டையும் வேறு வேறாக வைத்திருக்க என்னால் முடிந்ததில்லை. உமாபதி சிவாசாரியார் பதினான்காம் நூற்றாண்டில் செய்த திருவருட்பயனில் மூன்றாம் அதிகாரம் இருள்மலநிலை. சாதாரண இருட்டு மற்றப் பொருள்களை மறைத்தாலும் தன்னையாவது காட்டிக்கொள்ளும், ஆணவ இருளோ தன்னையும் காட்டாது, பிறிதையும் காட்டாது என்பது அங்கே அவர் வைக்கும் வாதம். முதலாவது இருளைக் காட்மியம் பூசிய ஒரு வில்லை கண்டுபிடித்துவிடுகிறது. இரண்டாவதைக் கண்டுபிடிக்கக் கடையில் எதுவும் கிடைக்காது. அந்த இரண்டாவது இருளைப் பற்றித்தான் இங்கே எழுதுகிறேன், ஆனால் வழி போட்டோசெல் வழிதான். தானாக எரிகிற விளக்கின் புண்ணியம் யாருக்கு? தானாக இயங்குகிற ஒன்றால் ஒரு உயிர் போனால் பாவம் யாருக்கு? இந்த இரண்டு கேள்வியையும் என்னிடம் வெவ்வேறு ஆட்கள், வெவ்வேறு காரியமாகக் கொண்டுவந்தார்கள். விடை இரண்டுக்கும் ஒன்றாகத்தானே இருக்கவேண்டும் என்று வெகுநாள் யோசித்தேன். அப்படி இல்லை என்பதுதான் நான் சொல்லவந்தது.

ஊரைத் தெரியாதவர்களுக்குக் கொஞ்சம் சொல்லவேண்டும். மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே, படுவான்கரையில், போரதீவுப்பற்றுப் பிரதேச செயலகம் இருக்கிற இடம் வெல்லாவெளி. களுவாஞ்சிகுடியிலிருந்து பட்டிருப்புப் பாலம் தாண்டி, பெரியபோரதீவைக் கடந்து வரவேண்டும். சுற்றிவர வயல், குளம், வயலுக்கு அப்பால் காடு. நிலநடுக்கோட்டுக்கு ஏழரைப் பாகை அளவில் வடக்கே இருப்பதால் மார்கழிப் பகலுக்கும் ஆனிப் பகலுக்கும் ஒரு மணி நேரம்கூட வித்தியாசம் வராது. லண்டனில் பகல் 8 மணி நேரத்துக்குக் கீழே இறங்கி 16 மணி நேரத்தைத் தாண்டி ஏறும். அங்கே மணிக்கூட்டை வைத்து விளக்கைப் போட்டால் மாதம் ஒருமுறை திருத்தவேண்டும். இங்கே மாலை 6 மணிக்குப் போட்டு விடிய 6 மணிக்கு அணைக்கும் டைமர் ஒன்றே வருஷம் முழுக்கப் போதும் என்று வாதிடுகிறவர்கள் உண்டு. அவர்கள் மாரியை மறந்துவிடுகிறார்கள். கார்த்திகை மார்கழியில் வாடைக்காற்றோடு மழை இறங்கினால் பின்னேரம் 4 மணிக்கே எதிரில் வரும் சைக்கிள் தெரியாது. மணிக்கூடு இருட்டின் வழமையைத்தான் அறியும். போட்டோசெல் அன்றைய இருட்டையே அறியும். நான் போட்டோசெல்லின் பக்கம்.

முன்பு கம்பத்தில் ஒரு சுவிட்ச் தொங்கும். கிட்ட இருக்கிற வீட்டுக்காரர் பொழுதுபட்டால் போட்டு, விடிந்தால் நிற்பாட்டுவார். அந்த வீட்டில் செத்தவீடு என்றால் அன்று வீதி இருட்டு. கலியாணம் என்றால் பகல் முழுக்க விளக்கு எரியும். போர்க்காலத்தில் இரவு வெளிச்சமே ஆபத்தாக இருந்த நாட்களும் இந்தக் கரை கண்டது. 2007 இல் படுவான்கரைச் சனம் மொத்தமாகப் பெயர்ந்து போய்த் திரும்பி வந்து, பிறகுதான் உள் ஊர்களுக்கு லைன் ஒழுங்காக நீண்டது. 2022 மார்ச் முடிவில் ஒரு நாளைக்கு 13 மணி நேரம் வரை மின்வெட்டு வந்து, வீதி விளக்குகளை அணைத்துவைக்கும்படி அரசாங்கம் சொன்னபோது, செல் பூட்டிய விளக்குக்கு அந்த அறிவித்தல் கேட்கவில்லை. ஆள் போய்க் கழற்றவேண்டி இருந்தது.

எங்கள் பக்கத்து அம்மன் கோயில் ஒன்றில் நிர்வாகம் பார்க்கிற வண்ணக்கர்மார் கூடி வெளிவீதி விளக்குகள் எல்லாவற்றையும் செல்லில் விடத் தீர்மானித்தார்கள். அதோடு வாசலில் பின்னேரம் ஏற்றுகிற விளக்கையும் மின்விளக்காக்கி அதே லைனில் கொடுத்துவிடலாம் என்று ஒருவர் சொன்னார். கூட்டத்தில் மூத்தவர் எழும்பினார். "விளக்கு வைக்கிறது நம்மட கடமை. அதையும் மெசினுக்குக் குடுத்தா மறுகா நமக்கென்ன வேலை?" என்று கேட்டுவிட்டு இருந்துவிட்டார். இளையவர்கள் விடவில்லை. வெளிச்சம் வெளிச்சம்தானே, கையால் போட்டால் என்ன, கண் போட்டால் என்ன? பிறகு எல்லோரும் என்னைப் பார்த்தார்கள், நான்தான் வயர் இழுக்கிறவன் என்பதால்.

மூத்தவர் கேட்டது புதிதல்ல. விளக்கு எரித்ததற்காகவே நாயன்மார் ஆனவர்கள் பெரியபுராணத்தில் இருக்கிறார்கள். திருவாரூரில் நெய் கிடைக்காமல் குளத்துத் தண்ணீரை வார்த்து எரித்தார் நமிநந்தியடிகள். தில்லையில் கணம்புல்லர் புல் விற்று எண்ணெய் வாங்கினார். புல் விலைபோகாத நாளில் புல்லையே எரித்தார். அதுவும் போதாதபோது தன் தலைமயிரை. திருவொற்றியூரில் செக்காட்டும் கலியர் எண்ணெய்க்கு வழியில்லாமல் தன் கழுத்தை அரிந்து இரத்தத்தை நிரப்பத் துணிந்தார். இந்தக் கதைகளில் எங்கும் கோயிலுக்கு வெளிச்சம் போதவில்லை என்பது பிரச்சினையே அல்ல. சிவனுக்கு இருட்டில் கண் தெரியாதா? அங்கே கொடுக்கப்படுவது எண்ணெயும் உடம்பும் ஞாபகமும்தான். எங்களுக்குக் கிட்ட மண்டூரில், கதிர்காமத்து முறைப்படி, கப்புகனார் வாய் கட்டி மௌனமாகப் பூசை செய்கிறார். அங்கே எரிகிற தீபம் எதையும் எங்களுக்குக் காட்டுவதற்காக எரிவதில்லை.

ஆனால் மூத்தவருக்கு எதிரான சாட்சியும் நம்மிடமே இருக்கிறது. திருமறைக்காட்டுக் கோயிலில் நெய் குடிக்க வந்த எலி, மூக்குச் சுட்டுத் திரியைத் தட்டிவிட, அணையப்போன விளக்கு தூண்டப்பட்டு எரிந்தது. எலிக்குப் பக்தி இல்லை, எண்ணமும் இல்லை. சிவன் அதை மறுபிறப்பில் மாவலிச் சக்கரவர்த்தியாக்கினார். அப்பர் தேவாரத்திலேயே இந்தக் கதை வருகிறது. எலிக்குக் கிடைத்த புண்ணியம் போட்டோசெல்லைப் பூட்டினவனுக்கு ஏன் கிடைக்கக்கூடாது?

யூதர்களின் சமயத்தில் இதே கேள்வியை மறுபக்கத்தில் நின்று கேட்டிருக்கிறார்கள். வெள்ளி பொழுதுபட்டதிலிருந்து சனி இருட்டும்வரை ஓய்வுநாள்; அப்போது அவர்கள் தீ மூட்டக்கூடாது. விளக்கைப் போடுவதையும் பெரும்பாலான ஆசாரவாதிகள் அதே தடைக்குள் அடக்குகிறார்கள். வெள்ளிக்கிழமை பொழுதுபடுமுன் டைமரை வைத்துவிட்டால், சனிக்கிழமை விளக்கு தானாக எரிந்து அணையலாம். அது மனிதன் அன்று செய்த காரியம் அல்ல என்று ஏற்றுக்கொள்கிறார்கள். ஆனால் வீதியில் நடக்கும்போது, ஆள் அசைவைக் கண்டு எரியும் விளக்குக்குக் கிட்டப் போகலாமா என்பதில் அவர்களுக்குள் வாதம் நீளமானது. நேரே செய்யாமல் சுற்றுவழியால் நிகழச்செய்வதற்கென்று அவர்களிடம் தனி நியாயப் பகுதியே உண்டு. அதற்கேற்ற சுவிட்சுகளை வடிவமைக்கும் சோமெட் என்ற இஸ்ரேலிய நிறுவனமும் இயங்குகிறது. அவர்கள் கவலை, தானாக நிகழ்வது என் தலையில் ஏறிவிடுமோ என்பது. எங்கள் கோயிலில் இளையவர்கள் சொன்னது, தானாக நிகழ்வதும் எங்கள் கணக்கில் சேரட்டும் என்பது.

எலியின் கதையை நான் ஒதுக்கவில்லை. அது அருளுகிறவர் பக்கத்துக் கணக்கு. அவர் எதையும் சாட்டாக வைத்துக் கொடுக்கலாம், அறியாமல் தட்டின திரியையும். ஆனால் எலிக்குக் கிடைத்ததே என்று நான் இனி மூக்கை நீட்டிக்கொண்டு போக முடியாது. போகிறபோதே அது அறியாமல் செய்ததாக இருக்காது. ஆகவே கூட்டத்தில் நான் சொன்னது இவ்வளவுதான்: வெளிவீதி விளக்கு நடக்கிற சனத்துக்கு. அது தவறாமல் எரியவேண்டும், அதற்குக் கையைவிடச் செல் நல்லது. வாசல் விளக்கு வைக்கிறவனுக்கு. அதைச் செல்லுக்குக் கொடுத்தால் அம்மனுக்கு ஒரு குறையும் வராது, நமக்கு வரும். மூத்தவர் தலையசைத்தார். இளையவர்களில் ஒருவர் மட்டும் இன்னும் ஒப்புக்கொள்ளவில்லை. அவர் நன்றாக யோசிக்கிற பிள்ளை, அவரோடு இந்தக் கதை தொடர்ந்து நடக்கிறது.

இனி மற்றப் பக்கம். இதுதான் எனக்குப் பாரமானது.

வயரிங் விதிகள் பிரித்தானியாவில் முதன்முதலில் அச்சானது 1882 இல், மின்விளக்கால் தீப்பிடிப்பதைத் தடுப்பதற்காக. அந்த நூலின் வழியில் வந்த பி.எஸ். 7671 என்பதைத்தான் இலங்கையில் நாங்களும் பின்பற்றுகிறோம். பதினெட்டாம் பதிப்பு 2018 இல் வந்தது. அதில் வெளிப்புற விளக்குகளுக்கென்று 714 ஆம் பிரிவு இருக்கிறது. தரையிலிருந்து 2.8 மீற்றருக்குக் கீழே விளக்கு இருந்தால் கருவி இல்லாமல் பல்பைத் தொட முடியாதபடி மூடி இருக்கவேண்டும், மழையும் தூசியும் இவ்வளவுக்கு மேல் உள்ளே போகக்கூடாது என்றெல்லாம் வரும். அவை கவனமாக வாசித்தால் எவருக்கும் விளங்குகிற விஷயங்கள். என் மனதில் நிற்பது அந்த நூல் வேறோர் இடத்தில் சொல்வது: போட்டோசெல் போன்ற ஒன்று விளக்கைப் போடவும் நிற்பாட்டவும் உதவலாம், ஆனால் அது நிற்பாட்டி இருக்கிறது என்பதை நம்பி ஒருவர் கை வைக்கக்கூடாது. கை வைப்பதற்கு வேறோர் ஐசொலேட்டர் வேண்டும், தொடுகை உறுதியாகப் பிரிந்து நிற்பது, இடையில் எவரும் போட்டுவிடாதபடி பூட்டி வைக்கக்கூடியது.

ஏன் என்பதைக் கம்பத்தில் ஏறினால் அறியலாம். நடுப்பகல். விளக்கு அணைந்திருக்கிறது. நீங்கள் ஹோல்டரைக் கழற்ற எட்டுகிறீர்கள். உங்கள் தோளோ தொப்பியோ செல்லின் கண்ணை மறைக்கிறது. சூடாக்கி ஆறுகிறது, தகடு நிமிர்கிறது, உங்கள் விரலுக்குக் கீழே 230 வோல்ட் வந்து நிற்கிறது. உங்கள் சொந்த நிழல்தான் உங்களுக்குக் கரண்டைக் கொடுத்தது. செல் தன் வேலையைச் சரியாகவே செய்தது. இருட்டு வந்தது, அது அனுமதித்தது. அந்த இருட்டு ஒரு மனிதன் என்பது அதற்குத் தெரியாது.

வேலை பழகவரும் பிள்ளைகளுக்கு வயர் நிறத்தையும் இந்த இடத்தில்தான் சொல்லிக்கொடுப்பேன். கடையில் கிடைக்கிற மூன்று வயர்ச் செல்லில் பெரும்பாலும் கறுப்பு லைனுக்கு, சிவப்பு விளக்குக்கு, வெள்ளை நியூட்ரலுக்கு. நம் பழைய வீடுகளில் சிவப்புத்தான் லைன், கறுப்பு நியூட்ரல். புதியவற்றில் பிரவுனும் நீலமும். நிறத்தைப் பார்த்துக் கறுப்பைக் கறுப்போடு முறுக்கினால் முடிந்தது. படத்தைப் பார், டெஸ்டரால் பார், பிறகு முறுக்கு என்பேன். இன்னொன்று, பழைய சுவிட்ச் பெட்டிகளில் நியூட்ரலே இறங்கியிருக்காது. செல்லுக்கு நியூட்ரல் இல்லாமல் முடியாது என்றதும் சிலர் எர்த்தை எடுத்துக் கொடுத்துவிடுவார்கள். அதனால் ட்ரிப் சுவிட்ச் விழலாம். விழுகிறதே என்று ட்ரிப் சுவிட்சையே தவிர்த்து லைன் கொடுப்பார்கள். 30 மில்லி அம்பியர் கசிந்தால் உயிரைக் காப்பாற்றவென்று வைத்த ஒன்றை, விளக்கு எரியவேண்டும் என்பதற்காகக் கழற்றுகிறார்கள். அமெரிக்காவில் 2011 ஆம் ஆண்டு விதிநூலே சுவிட்ச் பெட்டிகளுக்கு நியூட்ரல் கொண்டுபோகவேண்டும் என்று பொதுவாகக் கட்டாயமாக்கிவிட்டது. இப்படியான கருவிகள் வரும், வந்தால் ஆட்கள் எர்த்தைத் தேடுவார்கள் என்று தெரிந்துதான்.

நவகிரிக் குளத்துப் பாய்ச்சலில் வயல் செய்கிற ஒருவர் ஒரு மாரியில் என்னிடம் வந்தார். வெள்ளாமை குடலைப் பருவம். யானை இறங்குகிற காலம். 2019 முதல் ஆண்டுக்கு நூறு பேருக்கு மேல் மனிதரும் முந்நூறுக்கு மேல் யானைகளும் இந்த நாட்டில் மனித-யானை மோதலில் போய்க்கொண்டிருந்தார்கள். போரதீவுப்பற்று அந்தக் கணக்குக்கு வெளியே நிற்கிற இடம் அல்ல. அவர் மடியிலிருந்து ஒரு போட்டோசெல்லை எடுத்தார். களுவாஞ்சிகுடியில் வாங்கியது, பொலித்தீன்கூடப் பிரிக்கவில்லை.

"அண்ணன், இத வேலிக்குப் பூட்டித் தாங்க. பொழுதுபட்டாக் கரண்டு வரும், விடிஞ்சா நிண்டுரும். மத்த ஆக்கள் பகலும் இரவுமாப் போட்டு வெச்சிருக்காங்க. நான் அப்படிச் செய்யமாட்டன். பகல்ல புள்ளைகள் போற வழி."

வீட்டு லைனிலிருந்து இழுத்த 230 வோல்ட்டை வெறுங்கம்பி வேலியில் விடுவதைப் பற்றித்தான் கதைத்தார். சட்டப்படி அது குற்றம். அப்படிப்பட்ட வேலிகளில் யானையும் செத்திருக்கிறது, மாடும் செத்திருக்கிறது, கட்டினவர்களும் செத்திருக்கிறார்கள். வனஜீவராசிகள் திணைக்களம் போடுகிற யானை வேலி வேறு. அதில் ஆயிரக்கணக்கான வோல்ட் வந்தாலும் ஏறக்குறைய செக்கனுக்கு ஒருமுறை, கண்ணிமைப்பதிலும் மிகச் சிறிய நேரத் துடிப்பாகத்தான் வரும். இடைவெளியில் கை விடுபடும், தும்பிக்கை விலகும். மெயின் லைன் அப்படி விடாது. தசையை இறுக்கிப் பிடித்துவிடும்.

அவரை நான் கெட்டவர் என்று நினைக்கவில்லை. இன்றும் நினைக்கவில்லை. அவர் அந்தச் செல்லை வாங்கியதே மனச்சாட்சி உறுத்தியதால்தான். பிள்ளைகளை நினைத்திருக்கிறார். காசு செலவழித்திருக்கிறார். ஆனால் அவர் தேடிவந்தது, தன் பாட்டில் இயங்கி, தன்னை நித்திரைகொள்ள விடுகிற ஒரு மனச்சாட்சி.

"தம்பி, பின்னேரம் நாலு மணிக்கு மழை இருட்டுக் கட்டினா அது போட்டுரும். அந்த நேரம் புள்ளைகள் எங்க வருவாங்க?" என்று கேட்டேன். கண்ணில் சேறு தெறித்தால் அதற்கு எப்போதும் இரவு. உள்ளே வில்லை பழுதுபட்டால் தொடுகை சேர்ந்தபடி நிற்கும், ஏனென்றால் அதன் இயல்பே அது. வீதி விளக்கில் அந்தக் குணம் நல்லது, பழுதுபட்டாலும் வெளிச்சம் இருக்கும். வேலியில் அதே குணம் கொலை. எல்லாம் சரியாகவே வேலைசெய்தாலும், இரவில் மாடு தேடி வருகிறவன், வக்கடை திறக்கப் போகிறவன், வழி தவறினவன், எல்லோரும் அதற்கு இருட்டுத்தான். யானையும் ஒரு உயிர் என்பதை நான் அப்போது சொல்லவில்லை. அவர் நிலையில் அது ஏறாது என்று தெரியும். இங்கே சொல்கிறேன்.

சிவஞானபோதத்துப் பதினோராம் சூத்திரத்தில் மெய்கண்டார், கண் காண்பது உயிர் அதனோடு நின்று தானும் கண்டு அதற்குக் காட்டுவதால்தான் என்கிறார்; அதுபோல உயிர் காண்பது இறைவன் உடன்நின்று காண்பதால். சிறு வயதில் இதைப் பாடமாக்கினேன். பொருள் விளங்கியது அந்தச் செல்லைக் கையில் வைத்துக்கொண்டு நின்றபோது. அது ஒரு கண். அதற்குப் பின்னால் காணுகிற உயிர் கிடையாது. அதை வேலியில் பூட்டினால், பின்னால் நிற்கவேண்டிய உயிர் பூட்டினவனுடையது. அவன் வீட்டில் நித்திரை கொண்டாலும் அந்த இடத்தில் நிற்பவன் அவன்தான்.

நன்மைக்கும் தீமைக்கும் கணக்கு ஒன்றல்ல என்று நான் முடிவுக்கு வந்தது இப்படித்தான். தானாக நிகழ்கிற நன்மையில் என் பங்கு குறைந்துபோகும். தானாக நிகழ்கிற தீமையில் என் பங்கு குறையாது. இது நியாயமா என்று, கோயில் கூட்டத்தில் ஒப்புக்கொள்ளாத அந்த இளையவர் கேட்டார். தராசு இரண்டு பக்கமும் ஒரே மாதிரி நிற்கவேண்டாமா என்றார். நான் திருவாரூரையே காட்டினேன். நமிநந்தி தண்ணீரால் விளக்கெரித்த அதே ஊரில் மனுநீதிச் சோழனின் மகன் தேரில் போனான். பசுக்கன்று தானாகத் துள்ளி வந்து சில்லில் விழுந்தது. அவன் எண்ணவில்லை, காணவும் இல்லை. அமைச்சர்கள் பிராயச்சித்தம் போதும் என்றார்கள். பசுவுக்கு மகனின் உயிரே ஈடு என்றான் அரசன். எண்ணாமல் திரியைத் தூண்டிய எலிக்கு அரசபதவி கொடுத்த மரபுதான் எண்ணாமல் கன்றைக் கொன்றவனிடம் கணக்குக் கேட்கிறது. இரண்டையும் சேர்த்துப் படிக்கவேண்டும். முதலாவதில் கொடுப்பவர் இறைவன். அவர் தாராளமாகக் கொடுக்கலாம். இரண்டாவதில் இழந்தது ஒரு தாய். அவளிடம் போய் இது தானாக நடந்தது என்று சொல்ல எவருக்கும் வாய் வராது.

யூதர்களின் தல்மூத்திலும் இதை ஒத்த இடம் உண்டு. ஓய்வுநாளில் சுற்றுவழியால் நிகழ்வதற்குச் சலுகை பேசுகிற அதே நியாயவாதிகள், சுற்றுவழியால் இன்னொருவருக்கு நட்டம் வந்தால் மனித நீதிமன்றம் உன்னை விட்டுவிடலாம், வானத்து நீதிமன்றத்தில் நீ பொறுப்பாளி என்று வகுத்திருக்கிறார்கள். எங்கள் விதிநூலும் வேறு பாஷையில் இதைத்தான் வைத்திருக்கிறது. செல் அணைத்து வைத்திருப்பதற்கு அது எந்த மதிப்பும் கொடுப்பதில்லை. செல் போட்டுவிட்டால், ஐசொலேட்டர் எங்கே என்று பூட்டினவனைக் கேட்கிறது.

செல் கொண்டுவந்த வயல்காரருக்கு நான் பூட்டிக் கொடுக்கவில்லை. அவர் செல்லைத் திரும்ப மடியில் செருகிக்கொண்டு எழும்பினார். வாசல்வரை போய்த் திரும்பி ஒன்று கேட்டார்: "யானை வந்து என்னை அடிச்சா அதுக்கு ஆரு பொறுப்பு? அது உங்கட புத்தகத்தில இருக்கா?"

இல்லை. விதிநூல் செய்யக்கூடாததைச் சொல்லும். ஒருவரைக் கைவிட்டுவிட்டு, நான் எதுவும் செய்யவில்லையே என்று இருப்பதற்கு அதில் இலக்கம் கிடையாது. அவர் பரணில் விழித்திருக்க நான் வீட்டில் மின்விசிறிக்குக் கீழே படுத்துக்கொண்டு அவர் வேலியின் பாவத்தை எண்ணுவது சரியல்ல என்று அந்த இரவு முழுக்கப் பட்டது. அடுத்த கமக்காரர் கூட்டத்துக்குப் போனேன். திணைக்களத்து வேலி அவர் வயலுக்கு மேற்கே ஏற்கெனவே ஓடுகிறது. அது வேலைசெய்யாததற்குக் காரணம் எனக்குப் பார்த்தவுடன் தெரிந்தது: அடிக்கம்பியைப் புல்லும் கொடியும் தொட்டுக்கொண்டு நின்றன. தொடுகிற ஒவ்வொரு இலையும் ஈரத்தில் துடிப்பை மண்ணுக்கு இறக்கிவிடும். கடைசிக் கம்பத்துக்குப் போகும்போது யானைக்கு எறும்பு கடித்த மாதிரிக்கூட இருக்காது. வேலியைப் போட்டவர்கள் போய்விட்டார்கள், அது தானாகக் காக்கும் என்று எல்லோரும் நம்பியிருந்தோம்.

கோயிலில் பூசை முறை குடிகளுக்குப் பிரிந்திருப்பதுபோல வேலிக்கும் முறை பிரிக்கலாம் என்று சொன்னேன். சிலர் ஏற்றார்கள். முதல் நாள், வேலிக்குத் துடிப்பை அனுப்புகிற எனர்ஜைசரை நிற்பாட்டி, பெட்டியைப் பூட்டி, திறப்பை என் இடுப்பில் செருகிக்கொண்ட பிறகுதான் கத்தி எடுக்க விட்டேன். செல் கொண்டுவந்தவரும் வந்திருந்தார். என்னோடு பேசினார், வெள்ளாமை விலையைப் பற்றி, மழையைப் பற்றி. தன் வேலியைப் பற்றிப் பேசவில்லை, நானும் கேட்கவில்லை. மாரியில் புல் இரண்டு கிழமைக்குள் திரும்பக் கம்பிக்கு ஏறிவிடும். அடுத்த முறை எந்தக் குடிக்கு என்பது கூட்டத்தில் இன்னும் தீரவில்லை. பொங்கலுக்கு முன் தீர்க்கவேண்டும்.